ஒளி வந்த கதை – 9: கம்ப்யூட்டருக்குள் புகுந்த டிவி

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கிய பிறகு, பாலாற்றங்கரை ஊர்களின் மொட்டைமாடிகளில் ஆன்டெனாக் கம்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் ஏறியதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த ஒயரின் ஒரு கிளை, கூடத்து டிவிக்குப் போகாமல் கம்ப்யூட்டரின் முதுகில் போய்ச் சேர்ந்த காலத்துக்கு இப்போது வருகிறோம். 1990களின் இறுதியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த காலம் அது. டிவி டியூனர் கார்டு என்ற உள்ளங்கை அகல அட்டைதான் அதன் கதாநாயகன்.

இந்தக் கதையைப் படத்தின் பக்கமிருந்து சொல்வதுதான் வழக்கம். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது காதின் பக்கமிருந்து சொல்வதே பொருத்தம். காரணம் உண்டு.

காதை நம்பிய மனிதர்கள்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கண் பிரிவு ஷெல் மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. 1940களின் இறுதியில் அங்கே பணியாற்றிய டாக்டர் விக்டர் ராம்போ, நோயாளி நகரத்துக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்கே போய்க் கண்புரை அறுவை செய்தார். இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘கண் சிகிச்சை முகாம்’ பரவியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு.

வேலூரை ஒட்டிய கரிகிரியில் 1955-இல் தொழுநோய்க்கான ஷிஃபெலின் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தொழுநோய் கை கால்களை மரத்துப்போகச் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணையும் தாக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. இமையை மூடும் தசை செயலிழந்து, கருவிழியில் உணர்ச்சியும் மரத்துவிட்டால், தூசி விழுந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. புண்ணாகி, கடைசியில் பார்வை போய்விடும். டாக்டர் மார்கரெட் பிராண்ட் இந்தக் கண் பாதிப்பைத்தான் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். இப்படிப் பார்வை இழந்தவருக்கு இன்னொரு கதவும் மூடிவிடுகிறது. விரல் நுனி மரத்துப்போனவரால் பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் படிக்க முடியாது. அவருக்கு மிஞ்சுவது செவி ஒன்றே. முதலில் ரேடியோ, பிறகு டிவி.

வேலூருக்குப் பக்கத்திலேயே, காட்பாடியில், 1963-இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியில் ஒரு தொழிற்கூடம் உருவானது. தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களுக்குத் தொழில் கற்றுத்தர வந்த அந்த அமைப்புதான் இன்றைய வொர்த் டிரஸ்ட். உலகெங்கும் பார்வையற்றோர் பள்ளிகளில் தட்டப்படும் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற எழுதும் கருவி அங்கே தயாராகிறது.

அந்தக் கருவியை அமெரிக்காவின் வாட்டர்டவுனில் உள்ள பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்தார். 1951-இல் உற்பத்தி தொடங்கியது. பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள். நடுவில் இடைவெளிக்கு ஒரு பட்டை. இடப்பக்க விசைகளுக்கு இடக்கை விரல்கள், வலப்பக்கத்துக்கு வலக்கை விரல்கள். வரி முடியப்போகிறது என்றால் மணி அடிக்கும். கருவியின் எந்த நிலையையும் விரலாலோ செவியாலோ அறியலாம். கண் வேண்டிய இடம் அதில் ஒன்றுகூட இல்லை. இந்தப் பிரெய்லரை மனதில் வைத்துக்கொண்டு டிவிக்கு வாருங்கள். நமக்கு அதுதான் அளவுகோல்.

குமிழ் திருகிய காலம்

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியபோது வேலூர் அதன் எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தது. வசதி படைத்தவர்கள் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் மாட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழே இருப்பவர் “வருது, வருது… போச்சு” என்று குரல் கொடுப்பார். பழைய டிவியில் ஒலி தனி அலையில் எஃப்.எம். முறையில் வரும். படம் முழுக்கப் புள்ளி கொட்டும்போதே பேச்சு புரிந்துவிடும். ஆன்டெனா சரியான திசைக்கு வந்துவிட்டதா என்று சொல்ல, நல்ல காது போதும்.

சென்னையில் தயாரான டயனோரா, சாலிடெர் பெட்டிகளில் சேனல் மாற்றக் குமிழ் இருந்தது. ‘டக், டக்’ என்று ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று திரும்பும். எத்தனை ‘டக்’ என்று எண்ணினால் எந்த சேனல் என்று தெரிந்துவிடும். ஒலி குறைக்க ஒரு குமிழ், அணைக்க ஒரு சுவிட்ச். ‘ஒளியும் ஒலியும்’ போட்ட வெள்ளிக்கிழமை மாலையில் பார்வையற்ற ஒருவர் தானே எழுந்துபோய் டிவியைப் போடுவதற்கு யார் துணையும் தேவைப்பட்டதில்லை. எந்தப் பொறியாளரும் அவரை நினைத்து அந்தக் குமிழை வைக்கவில்லை. இயந்திரத்தின் தேவைக்காக வைத்தது, அவருக்கும் உதவியது.

அட்டை வந்தது

கேபிள் வந்ததும் சேனல்கள் பெருகின. அதே காலத்தில் தோல் பதனிடும் ஆலைகள், ஷூ கம்பெனிகள், ஏற்றுமதி அலுவலகங்கள், மாணவர் அறைகள் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் நுழைந்தது. வீட்டுக்கு இரண்டாவது டிவி வாங்குவதைவிட, இருக்கிற மானிட்டரில் டிவியை வரவைப்பது மலிவு. சென்னை ரிச்சி தெருவில் கார்டு வாங்கி வந்து மாட்டுவது அந்நாளைய இளைஞர்களின் வித்தைகளில் ஒன்று.

இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவற்றின் மூளை, அமெரிக்காவின் புரூக்ட்ரீ நிறுவனம் வடிவமைத்த பிடி848 அல்லது பிடி878 சில்லு. பின்னாளில் பிலிப்ஸின் 7130 வரிசைச் சில்லுகளும் வந்தன. கேபிள் திருகும் இடத்தில் தகரப் பெட்டி போல ஒன்று இருக்கும். அதுதான் உண்மையான டியூனர். கேபிளில் வரும் பல அலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை. படத்தை எண்களாக மாற்றி நேரே திரைக்கான நினைவகத்துக்கு அனுப்பிவிடுவது சில்லின் வேலை. பிராசசருக்கு அதிகச் சுமை இல்லாததால், சாதாரண பென்டியம் கம்ப்யூட்டரிலும் டிவி தடங்கலின்றி ஓடியது. விண்டோஸ் 98-இல் மைக்ரோசாஃப்டே டிவி பார்க்கும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது.

மாட்டுவது சுலபம், அமைப்பதில்தான் ஆள் திணறுவார். மென்பொருள் முதலில் நாட்டைக் கேட்கும். இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் பால்-பி முறை வரும்: 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள், படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலி. சீனாவில் பயன்பட்ட பால்-டி முறையில் இந்த இடைவெளி 6.5 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனின் பால்-ஐ முறையில் 6. நாட்டைத் தவறாகக் கொடுத்தால் படம் அழகாக வரும், ஒலிக்குப் பதில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வரும். கார்டே பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். பிழை ஒலியில் இருக்கிறது, படத்தில் இல்லை என்பதால், இதைக் கண் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கலாம்.

அடுத்த தேர்வு, ஆன்டெனாவா கேபிளா என்பது. கேபிளில் சாதாரண அலைவரிசைகளுக்கு இடையே உள்ள இடங்களிலும் சேனல்களை ஏற்றியிருப்பார்கள். ஆன்டெனா என்று விட்டுவிட்டால் பாதி சேனல்கள் சிக்காது. பிறகு தானியங்கித் தேடல். சில நிமிடங்கள் ஓடி, கிடைத்ததையெல்லாம் வெறும் எண்களாக அடுக்கிவிடும். எது சன், எது ராஜ், எது பொதிகை என்று பெயர் சூட்டுவது நம் பொறுப்பு. உருது பேசும் குடும்பங்கள் நிறைந்த ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஊர்களில் 2001-இல் வந்த ஈடிவி உருதுவையும் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த வேலைக்கும் காது போதும். செய்தியின் முகப்பு இசை, அறிவிப்பாளர் குரல், உள்ளூர் நகைக்கடை விளம்பரம் ஆகியவற்றை வைத்தே எது எந்த சேனல் என்று சொல்லிவிடலாம்.

மூன்று துளைகள்

ஒலி கம்ப்யூட்டருக்குள் வருவதற்கு அந்தக் காலக் கார்டுகளில் தனி ஒயர் வேண்டும். டியூனர் கார்டின் துளையிலிருந்து சவுண்ட் கார்டின் லைன்-இன் துளைக்கு. சவுண்ட் கார்டின் பின்புறம் வரிசையாக ஒரே அளவில் துளைகள் இருக்கும்: மைக்குக்கு இளஞ்சிவப்பு, லைன்-இன்னுக்கு நீலம், ஸ்பீக்கருக்குப் பச்சை. நிறம் தெரியாதவருக்கு எல்லாம் ஒரே துளைதான். ஆனால் செருகிப் பார்த்துக் கேட்டால் வேறுபாடு தெரியும். மைக் துளையில் செருகினால் ஒலி கரகரத்து உடையும். லைன்-இன்னில் சுத்தமாக வரும். ஸ்பீக்கர் துளையில் செருகினால் பேச்சே இருக்காது. இத்தனைக்குப் பிறகும் ஒலி வராவிட்டால், விண்டோஸின் ஒலிக் கட்டுப்பாட்டில் லைன்-இன் ஊமையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பார்வையற்றவர் கம்ப்யூட்டரை இயக்குவது திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் குரலைக் கேட்டு. அந்தக் குரலும் டிவியின் குரலும் ஒரே ஸ்பீக்கரில் வந்தால் இரண்டும் குழம்பும். செய்தி ஓடும்போது ஒலியைக் குறைக்கப் போனால், குறைக்கச் சொல்லும் பொத்தானின் பெயரே செய்தியில் அமுங்கிவிடும். இரண்டாவது சவுண்ட் கார்டு போட்டு, ஒன்றில் டிவி, ஒன்றில் திரைவாசிப்பான் என்று பிரிப்பதே இதற்கு நல்ல வழி.

வரைந்த பொத்தான்கள்

இதுவரை சொன்ன தடைகளையெல்லாம் காதாலும் விரலாலும் தாண்டிவிடலாம். தாண்ட முடியாத தடை மென்பொருளின் முகத்தில் இருந்தது.

மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978-இல் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் உருவாக்கிய ஜாஸ் என்ற திரைவாசிப்பான் 1995-இல் விண்டோஸுக்கு வந்தது. அந்தத் தலைமுறைத் திரைவாசிப்பான்கள், திரையில் எழுத்து வரையச் சொல்லி விண்டோஸுக்குப் போகும் கட்டளையை இடைமறித்து, அந்த எழுத்தைப் பேசிக்காட்டின. எழுத்து இருக்கும்வரை வேலை நடக்கும். டியூனர் கார்டு நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை அசல் ரிமோட் போலவே தெரிய வேண்டும் என்று அழகழகாகப் படம் வரைந்து கொடுத்தன. பொத்தான்கள் எல்லாம் ஓவியத்தில் வரைந்த கதவுகள், திரைவாசிப்பானுக்குத் திறக்கவில்லை. ‘கிராஃபிக்’ என்று சொல்லி ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். எது ஒலி, எது சேனல், எது பதிவு என்று பக்கத்தில் பார்வையுள்ள ஒருவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டிச் சேமிக்க வேண்டும். அடுத்த பதிப்பில் படம் மாறிவிட்டால் முதலிலிருந்து ஒட்ட வேண்டும்.

விலையும் இடித்தது. கார்டைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். ஜாஸின் சாதாரணப் பதிப்பு அன்று 895 டாலர்.

கார்டு வந்த பெட்டிக்குள் உண்மையிலேயே பார்வையற்றவருக்கு உதவிய பொருள், பலர் தூக்கிப் போட்ட சின்ன ரிமோட். எண்ணை அழுத்தினால் சேனல் வரும். திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே அட்டை, வேறு வழி

படம் வரைந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சில்லுக்கு இருந்ததா? இல்லை என்பதற்கு அதே காலத்திலேயே சாட்சி இருக்கிறது. லினக்ஸில் ஜெர்மானியரான கெர்ட் நார் இந்தக் கார்டுகளுக்கென்று ஒரு நிரல் தொகுப்பை உருவாக்கினார். சேனல் தேடும் நிரல், கிடைத்ததை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதிவைக்கும். கோப்பைத் திறந்து, எண்ணுக்குப் பதில் ‘சன்’ என்று தட்டினால் பெயர் மாறிவிடும். அடுத்த சேனலுக்குப் போக ஒரு கட்டளை, ஒலியைக் குறைக்க ஒரு கட்டளை, ஊமையாக்க ஒரு கட்டளை. எல்லாம் எழுத்து. எழுத்தாக இருப்பதைத் திரைவாசிப்பான் பேசும். பிரெய்ல் காட்டும் கருவி விரலுக்குத் தரும். புணேயில் பிறந்து, 14 வயதில் பார்வை இழந்து, மும்பை ஐஐடியில் படித்த டி.வி. ராமன் 1995-இல் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் மூலம் லினக்ஸ் உலகில் பார்வையற்றோர் அந்நேரம் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அதே தகரப் பெட்டி, அதே சில்லு. ஒரு மென்பொருளில் பார்வையற்றவர் வெளியே நின்றார், மற்றதில் சொந்தமாக இயக்கினார். குறை கருவியில் இல்லை, வடிவமைத்தவரின் நினைப்பில் இருந்தது. காட்பாடியில் தயாராகும் பிரெய்லர் நமக்குச் சொல்லும் பாடமும் இதுதான்.

2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், தானே பார்வையற்றவர், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் பின்னர் தமிழும் பேசியது. விலைத் தடை நீங்கியது. அதற்குள் டியூனர் கார்டின் காலமே முடிந்துகொண்டிருந்தது.

பெட்டியின் மேல் பெட்டி

2006 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 1.6 கோடிப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இரண்டாவது டிவிக்குக் கம்ப்யூட்டரை நம்பும் தேவை குறைந்தது. அரசு கேபிள் நிறுவனம் 2007-இல் உருவானபோது, அதன் முதல் நான்கு கட்டுப்பாட்டு அறைகளில் ஒன்று வேலூருக்குக் கிடைத்தது. 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வந்தது. அப்போதும் அனலாக்தான், எண்ணை அழுத்தினால் சேனல். பார்வையற்றவர் தம் சேனல்களின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார். ரிமோட்டில் 5-இன் மேல் இருக்கும் சிறு மேடு விரலுக்கு வழிகாட்டியது.

2003-இல் சென்னையில் மட்டும் நடைமுறைக்கு வந்த செட்டாப் பாக்ஸ், டிடிஎச் வழியாகவும், 2017-இல் அரசு கேபிளின் டிஜிட்டல் பெட்டி வழியாகவும் பாலாற்றங்கரை வீடுகளுக்குள் வந்தது. சேனலைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பெட்டி எடுத்துக்கொண்டதும், கம்ப்யூட்டருக்குள் இருந்த தகரப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதோடு குமிழ்க் காலத்தின் கடைசி மிச்சமும் போனது. சேனல்களுக்கு மூன்று இலக்க எண்கள். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தபோது பலருக்குத் தொகுப்பே மாறியது. கட்டணம் தீர்ந்ததா, சிக்னல் இல்லையா, அட்டை பழுதா என்று எல்லாவற்றையும் பெட்டி திரையில் எழுதிக் காட்டுகிறது. கேட்பவருக்கு எல்லாமே ஒரே மௌனம்.

வெளிநாடுகளில் இந்த மௌனத்தை உடைக்க முடிந்தது. பிரிட்டனில் பார்வையற்றோர் அமைப்பான ஆர்என்ஐபியின் கூட்டு முயற்சியில் 2010-இல் பேசும் செட்டாப் பாக்ஸ் கடைக்கு வந்தது. அமெரிக்கா அதே ஆண்டு சட்டமே இயற்றியது. கேபிள் பெட்டியின் பட்டியல்கள் பேச வேண்டும் என்பது அங்கே நிறுவனத்தின் கருணை அல்ல, கடமை.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருட்கள் எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. டிவி நிகழ்ச்சிகளுக்கு ஒலி விவரணையையும் அதே பிரிவு குறிப்பிடுகிறது. இத்தகைய அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையற்ற நேயர் இருந்தால், அடுத்த முறை டிவியோ பெட்டியோ வாங்கும்போது “இது பேசுமா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பகுதிக்குப் போய் டாக்பேக்கை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்க் குரலும் அதற்கு உண்டு. பேசாத பெட்டிதான் தருவோம் என்றால் கேபிள் நிறுவனத்துக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் 42-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கேட்காதவரை எந்த நிறுவனமும் பேசும் பெட்டியைத் தானாகக் கொண்டுவந்து வைக்காது.

(தொடரும்)